எந்த இடத்தில் எந்தச் சொல்? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அச்சகத்தில் மெய்ப்புப் பார்ப்பது என் வேலை. கல்யாணப் பத்திரிகை, கருமாதி அட்டை, பணி ஓய்வு பெறுபவருக்கான பாராட்டு மடல், சில சமயம் மனக்கசப்பில் இருக்கும் சம்பந்திக்கு எழுதிய கடிதம்கூட என் மேசைக்கு வரும். பிழை திருத்தி முடித்த பிறகு, "அப்புறம் ஒரு சந்தேகம்" என்று ஆரம்பிப்பார்கள். பெரும்பாலும் அது எழுத்தைப் பற்றிய சந்தேகமாக இருக்காது. இந்த இடத்தில், இந்த ஆளிடம் என்ன சொல்வது என்பதுதான் கேள்வியாக இருக்கும். திரும்பத் திரும்ப வந்தவற்றை, கேட்டவர்கள் பேசிய மாதிரியே இங்கே தொகுத்திருக்கிறேன். எளியவை முதலில்.

"கிளம்பும்போது 'போறேன்'னு சொன்னா அத்தை திட்டுறாங்க. அதுல என்ன தப்பு?"

இலக்கணத்தில் தப்பில்லை. ஆனால் நம் காதுக்கு 'போறேன்' என்பது திரும்பி வரும் எண்ணம் இல்லாத பேச்சாகக் கேட்கிறது. அதனால்தான் 'போயிட்டு வரேன்', 'வரட்டுமா', அதையும் சுருக்கி வெறும் 'வரேன்'. யாழ்ப்பாணத்தில் 'போட்டு வாறன்' என்பார்கள். வழியனுப்புகிறவரும் 'போங்க' என்று நிறுத்தாமல் 'போயிட்டு வாங்க' என்றுதான் சொல்ல வேண்டும். கிளம்பி வாசலில் நிற்பவரிடம் 'எங்கே போறீங்க?' என்று கேட்காமல் 'தூரமா?' என்று கேட்பதும் இதே அக்கறைதான்.

இந்தப் பழக்கத்துக்கு இலக்கணத்திலேயே இடம் உண்டு. பவணந்தி முனிவரின் நன்னூல் தகுதி வழக்கை, அதாவது ஒரு சொல்லை விட்டுத் தகுந்த வேறு சொல்லால் சொல்வதை, இடக்கரடக்கல், மங்கலம், குழூஉக்குறி என்று மூன்றாகச் சொல்கிறது. செத்தார் என்னாமல் துஞ்சினார் என்பதும், சுடுகாட்டை நன்காடு என்பதும் மங்கலம். உங்கள் அத்தை கேட்பது அதைத்தான். இதற்கு ஒரே ஒரு விலக்கு உண்டு. துக்க வீட்டைப் பற்றிக் கீழே சொல்லும்போது அதைச் சொல்கிறேன்.

"அம்மாகிட்ட 'நன்றி' சொன்னா, 'என்னடா அந்நியம் மாதிரி'ங்கிறாங்க. வீட்ல சொல்லக் கூடாதா?"

சொல்லலாம், ஆனால் அந்தச் சொல்லால் சொல்ல வேண்டாம். பழைய தமிழில் நன்றி என்பது ஒருவர் செய்த நன்மையையே குறித்தது. குறளில் 'செய்ந்நன்றி அறிதல்' என்று ஓர் அதிகாரம் இருக்கிறதே, அது செய்த நன்மையை மறக்காமல் இருப்பதைப் பற்றியது. வீட்டில் இன்னும் அந்தப் பொருள்தான் நடக்கிறது. அம்மா எதிர்பார்ப்பது நீங்கள் கவனித்தீர்கள் என்பதற்கான அடையாளத்தை. "இன்னிக்கு வத்தக்குழம்பு பிரமாதம்", "நீ எழுப்பாம விட்டிருந்தா பரீட்சை போயிருக்கும்" என்று செய்த காரியத்தின் பெயரைச் சொல்லிவிடுங்கள். அது போதும்.

வெளியில் இப்படித் தயங்க வேண்டியதில்லை. பேருந்து நடத்துநர், காவலாளி, மருந்துக்கடைப் பையன் எல்லோரிடமும் 'ரொம்ப நன்றிங்க' என்றோ 'தேங்க்ஸ்ங்க' என்றோ தாராளமாகச் சொல்லுங்கள். அவர்கள் காதில் அது அதிகம் விழுவதில்லை.

"முன்பின் தெரியாதவங்களை அக்கான்னு கூப்பிடுறதா, ஆன்ட்டின்னா, மேடம்னா?"

வயது தெரியாவிட்டால் ஒரு படி குறைத்துக் கூப்பிடுங்கள். 'அக்கா' என்று அழைக்கப்பட்டு வருத்தப்பட்ட அம்மையாரை நான் பார்த்ததில்லை. 'ஆன்ட்டி'யால் வருத்தப்பட்டவர்கள் நிறைய. 'ஐயா', 'அம்மா' இரண்டும் வயதைச் சொல்லாமல் மரியாதையை மட்டும் சொல்வதால் எந்த ஊரிலும் செல்லும். திருநெல்வேலிப் பக்கம் 'அண்ணாச்சி' கடைக்காரருக்கும் பொருந்தும், கணக்குப்பிள்ளைக்கும் பொருந்தும். கோயம்புத்தூர், ஈரோட்டில் உறவுச்சொல்லே வேண்டாம், 'ஏனுங்க' என்று ஆரம்பித்தால் மரியாதை உள்ளேயே இருக்கிறது.

'தம்பி' மட்டும் கொஞ்சம் கவனம். இளைஞரிடம் அது பாசம். ஏறக்குறைய சமவயதுக்காரரிடம், அதுவும் வாக்குவாதத்தின் நடுவே சொன்னால் அது மட்டம் தட்டல்.

"நீ, நீங்க. எப்போ ஒண்ணுலேர்ந்து இன்னொண்ணுக்கு மாறலாம்?"

'நீங்க'விலிருந்து 'நீ'க்கு இறங்குவதை மூத்தவரோ, பதவியில் பெரியவரோ தொடங்கி வைக்க வேண்டும். "வா போன்னே சொல்லு" என்று அவர் சொல்லும்வரை காத்திருங்கள். யாழ்ப்பாணப் பேச்சில் இரண்டுக்கும் நடுவே 'நீர்' இருப்பதால் அங்கே மாற்றம் இத்தனை திடுக்கென்று நிகழ்வதில்லை. நமக்கு நடுப்படி இல்லை. அதனால்தான் நெருங்கிய தோழி திடீரென்று "நீங்க சொன்னா சரிதாங்க" என்றால் வயிறு கலங்குகிறது. அது மரியாதை அல்ல, கோபம்.

ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்கிறேன். வீட்டு வேலைக்கு வரும் அம்மாவையும் குப்பை வண்டிக்காரரையும் சின்னப் பிள்ளைகள் 'நீ' என்று பேச விடாதீர்கள். பிள்ளைக்கு அந்தச் சொல் எங்கிருந்து வந்தது என்று அவர்களுக்குத் தெரியும்.

"'வாழ்த்துகள்' சரியா, 'வாழ்த்துக்கள்' சரியா? அப்புறம், பெரியவங்களை நாம வாழ்த்தலாமா?"

நான் 'வாழ்த்துகள்' என்றுதான் திருத்துவேன். 'கள்' இங்கே பன்மை விகுதி, தனிச்சொல் அல்ல. அதனால் ஒற்று மிகத் தேவையில்லை. 'வாழ்த்துக்கள்' என்றும் நிறையப் பேர் எழுதுகிறார்கள். பத்திரிகை தருபவர் அதையே வற்புறுத்தினால் சண்டை போடமாட்டேன்.

பெரியவர்களை வாழ்த்தலாம். 'வாழ்த்த வயதில்லை, வணங்குகிறேன்' என்பது சுவரொட்டியில் வந்து வந்து தேய்ந்துபோன வரி. எண்பது வயதுத் தாத்தாவிடம் "இன்னும் பல வருஷம் எங்களோட இருக்கணும் தாத்தா" என்றால் அது வாழ்த்தாகவும் இருக்கும், ஆசையாகவும் இருக்கும். அவர் தலையில் கைவைத்து ஆசி சொல்ல நீங்களும் இடம் கொடுத்ததாக ஆகும்.

"'மன்னிச்சிடுங்க' பெரிசா இருக்கு. 'ஸாரி' லேசா இருக்கு. நடுவுல ஒண்ணும் இல்லையா?"

நிறைய இருக்கின்றன. ஆனால் ஒவ்வொன்றும் வேறு வேறு அளவுத் தவறுக்கு உரியது. இடித்துவிட்டீர்களா, தாமதமாக வந்தீர்களா? 'ஸாரிங்க' போதும், அது தமிழாகி வெகுநாள் ஆகிறது. பேச்சு கொஞ்சம் எல்லை தாண்டிவிட்டதோ என்று சந்தேகமா? 'தப்பா எடுத்துக்காதீங்க', யாழ்ப்பாணத்தில் 'குறை நினையாதேங்கோ'. தவறு உங்களுடையதுதான் என்றால் இந்த இரண்டும் உதவாது. 'தப்பா எடுத்துக்காதீங்க' என்பது எடுத்துக்கொண்டவர்மேல் பாதிப் பழியைப் போடுகிறது. அப்போது "நான் அப்படிப் பேசியிருக்கக் கூடாது" என்று வினையைச் சொல்லிவிட வேண்டும்.

கடிதத்தில் 'வருந்துகிறேன்' என்பதும் 'மன்னிப்புக் கேட்கிறேன்' என்பதும் ஒன்றல்ல. முன்னது நடந்ததற்கு வருந்துகிறது, செய்தவர் யார் என்று சொல்வதில்லை. நிறுவனங்கள் முதலாவதை விரும்புவது அதனால்தான். உறவுக்காரருக்கு எழுதும்போது இரண்டாவதை எழுதுங்கள்.

"'தயவுசெய்து'ன்னு பேச்சுல சொன்னா நாடகம் மாதிரி இருக்கே. உதவி எப்படிக் கேட்கிறது?"

தமிழில் பணிவு தனிச்சொல்லில் இருப்பதைவிட வினைமுற்றில் அதிகம் இருக்கிறது. 'எடு', 'எடுங்க', 'எடுங்களேன்', 'எடுத்துத் தர முடியுமா', 'சிரமம் இல்லேன்னா கொஞ்சம் எடுத்துத் தர்றீங்களா' என்று ஏறிக்கொண்டே போகும். 'கொஞ்சம்' என்ற சொல் இங்கே அளவைக் குறிப்பதே இல்லை, பணிவைக் குறிக்கிறது.

தொல்காப்பியம் இதைக் கூர்மையாகக் கவனித்திருக்கிறது. ஒன்றைக் கேட்கும்போது தாழ்ந்த நிலையில் இருப்பவர் 'ஈ' என்றும், ஒத்த நிலையில் இருப்பவர் 'தா' என்றும், உயர்ந்த நிலையில் இருப்பவர் 'கொடு' என்றும் கேட்பார் என்று வகுத்திருக்கிறது. இன்று 'ஈ' பேச்சிலிருந்து போய்விட்டது. ஆனால் அண்ணனிடம் 'நூறு ரூபா தா' என்பதற்கும் 'நூறு ரூபா கொடு' என்பதற்கும் உள்ள சின்ன வித்தியாசம் இன்னும் காதில் விழத்தான் செய்கிறது.

"துக்க வீட்டுக்குப் போனா வாயே வர மாட்டேங்குது. என்ன சொல்லணும்?"

அதிகம் கேட்கப்படும் கேள்வி இது. முதலில், எதுவும் சொல்லாமல் கையைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் உட்காரலாம். அதை யாரும் குறையாக நினைப்பதில்லை. தென்மாவட்டங்களில் 'துட்டி கேட்கப் போகிறேன்' என்பார்கள், மற்ற ஊர்களில் 'துக்கம் கேட்க', 'துக்கம் விசாரிக்க'. மூன்றிலும் நாம் போவது பேசுவதற்கு என்று சொல்லப்படவில்லை. நாம் கேட்க வேண்டும். "எப்படி ஆச்சு?" என்று ஒரு கேள்வி போட்டால் போதும். அவர்கள் அதையே வருகிறவர்களிடமெல்லாம் திரும்பத் திரும்பச் சொல்வார்கள். அப்படிச் சொல்லச் சொல்லத்தான் நடந்தது மனதில் பதிகிறது. நடுவில் வெட்டாதீர்கள்.

சொல்லக் கூடாதவை சில உண்டு. 'வயசாயிடுச்சு, நல்ல சாவு' என்பதை வீட்டுக்காரர்கள் சொல்லலாம், வந்தவர் சொல்லக் கூடாது. 'அழாதீங்க' வேண்டாம். 'பாவம்', 'பரிதாபம்' இரண்டும் மேலிருந்து கீழே பார்க்கும் சொற்கள். எழுத்தில் 'ஆழ்ந்த இரங்கல்' தவறில்லை. அதோடு போனவரைப் பற்றி உங்களுக்குத் தெரிந்த ஒன்றைச் சேர்த்து எழுதுங்கள். "மழைநாள்ல என்னை ஸ்கூட்டர்ல கொண்டுவந்து விட்டவர்" என்ற ஒரு வரியை அந்தக் குடும்பம் பத்திரமாக வைத்திருக்கும்.

கிளம்பும்போது? முதல் கேள்வியில் சொன்ன விலக்கு இதுதான். துக்க வீட்டில் 'போயிட்டு வரேன்' கிடையாது. அந்தக் காரணத்துக்காக மறுபடி வரும்படி ஆகக் கூடாது என்பதால், சொல்லிக்கொள்ளாமல் எழுந்து போவதே முறை. இது தெரியாமல் வெளிநாட்டில் வளர்ந்த பிள்ளைகள் வாசலில் நின்று விடைபெறுவதுண்டு. முன்கூட்டியே சொல்லிக் கொடுங்கள்.

"அட்டையில 'இறைவனடி சேர்ந்தார்'னு போடவா, 'இயற்கை எய்தினார்'னு போடவா?"

போனவர் எப்படி வாழ்ந்தாரோ அப்படிப் போடுங்கள். சைவக் குடும்பங்கள் 'சிவபதம் அடைந்தார்' என்றும், வைணவர்கள் 'ஆச்சார்யன் திருவடி அடைந்தார்' என்றும் போடுவதுண்டு. கிறிஸ்தவர்களுக்கு 'கர்த்தருக்குள் நித்திரையடைந்தார்'. முஸ்லிம்கள் 'வஃபாத்தானார்' என்பார்கள். நம்பிக்கை இல்லாதவராக, பகுத்தறிவு இயக்கத்தில் வாழ்ந்தவராக இருந்தால் 'இயற்கை எய்தினார்', 'மறைந்தார்'. கடவுளே இல்லை என்று ஆயுள் முழுக்கச் சொன்னவரை, பிள்ளைகளின் வசதிக்காக இறைவனடியில் சேர்த்துவிடுவது எனக்குச் சம்மதமில்லை. அதுவே அவர் பேரில் அச்சாகும் கடைசி வரியாகவும் இருக்கலாம்.

முஸ்லிம் நண்பர் வீட்டுத் துக்கத்துக்கு என்ன எழுதுவது என்றும் கேட்பார்கள். 'இன்னா லில்லாஹி வ இன்னா இலைஹி ராஜிஊன்' என்பது நாம் இறைவனுக்கே உரியவர்கள், அவனிடமே திரும்பிப் போகிறவர்கள் என்று பொருள்படும். பொருள் தெரிந்து எழுதினால் யாரும் எழுதலாம். தெரியாவிட்டால், மேலே சொன்ன மாதிரி போனவரைப் பற்றிய ஒரு வரியே போதும்.

"'ஆக்வேர்ட்'னு சொல்றோமே, அதுக்குத் தமிழ்ல ஒரே சொல் சொல்லுங்க."

ஒரே சொல் தேடுவதால்தான் கிடைக்கவில்லை. அந்த ஒன்றுக்குள் நாம் ஏழெட்டு நிலைகளைத் திணிக்கிறோம், தமிழ் அவற்றைத் தனித்தனியாக வைத்திருக்கிறது.

புது இடத்தில் பேச வராமல் நிற்பது கூச்சம். செய்வதா வேண்டாமா என்று நிற்பது தயக்கம். பாராட்டினால் முகம் சிவப்பது வெட்கம். தவறு வெளிப்பட்டதும் இளித்துக்கொண்டு சமாளிப்பது அசடு வழிதல். நாலு பேர் நடுவில் நம் பேச்சு பொய் என்று ஆகிவிட்டால் மூக்குடைபடுதல். யாரோ ஒருவர் மேடையில் தன்னைத்தானே புகழ்ந்துகொள்ள, கேட்கிற நமக்கு உடம்பு நெளிகிறதே, அதற்கு 'எனக்கே கூசிடுச்சு' என்ற பேச்சுவழக்கைவிடப் பொருத்தமானது எனக்குத் தெரியவில்லை.

'தர்மசங்கடம்' எல்லாவற்றுக்கும் பயன்படுத்தப்பட்டு மழுங்கிவிட்டது. அதன் இடம் தனி. இரண்டு பக்கமும் நியாயம் இருந்து, எதைச் செய்தாலும் ஒன்றுக்குக் குற்றவாளியாகும் நிலைதான் தர்மசங்கடம். தங்கை கல்யாணமும் நண்பனின் அறுவை சிகிச்சையும் ஒரே நாளில் வந்தால் அது தர்மசங்கடம். சட்டையில் சாம்பார் கொட்டினால் வெறும் சங்கடம்தான்.

"'வேண்டாம்'னு முகத்துக்கு நேரா சொல்ல முடியலை. இதுக்கு ஏதாவது பேர் இருக்கா?"

இருக்கிறது: முகதாட்சண்யம். எதிரில் நிற்பவர் முகத்தைப் பார்த்ததும் மறுக்க முடியாமல் ஒப்புக்கொள்வது. அது கோழைத்தனம் அல்ல, இரக்கமும் அல்ல, இரண்டுக்கும் நடுவே ஒன்று. சாப்பாட்டில் அது பரவாயில்லை. 'வேண்டாம்' என்பதைவிட 'போதும்' நல்லது, ஏனென்றால் 'போதும்' என்றால் ஏற்கனவே நிறைந்துவிட்டது என்று ஆகிறது. இலையை மறைத்துக் கையை நீட்டிவிட்டால் சொல்லே வேண்டாம்.

கடனிலும் ஜாமீன் கையெழுத்திலும் முகதாட்சண்யம் குடும்பத்தையே கவிழ்க்கும். அங்கே 'பார்க்கலாம்' என்று சொல்லாதீர்கள். நம் பேச்சில் 'பார்க்கலாம்' என்றால் பாதிப் பேருக்கு 'ஆகாது', மீதிப் பேருக்கு 'ஆகும்'. "என்னால இது முடியாதுண்ணே" என்று உறவுச்சொல்லையும் சேர்த்தே மறுங்கள். மறுப்பு பணத்துக்குத்தான், உறவுக்கு இல்லை என்பதை அந்த 'அண்ணே' சொல்லிவிடும்.

"'ஆட்டிட்யூட் காட்டுறான்'ங்கிறதைத் தமிழ்ல எப்படி எழுதுறது?"

முந்தின கேள்விக்கு முந்தினதில் சொன்னதுதான், எந்த வகை என்று முதலில் பாருங்கள். எதிர்த்துப் பேசினால் திமிர். யாருக்கும் அஞ்சாத மிதப்பான நடை என்றால் தெனாவட்டு. பேசுகிறவரைக் கண்டுகொள்ளாமல் கைப்பேசியைப் பார்த்துக்கொண்டிருந்தால் அலட்சியம். புது வண்டியை நாலு தரம் தெருவில் ஓட்டிக் காட்டினால் பந்தா. தவறு என்று தெரிந்தும் இறங்கி வராவிட்டால் வீம்பு. வீட்டில் அரிசி இல்லாதபோதும் உதவியை மறுப்பது வறட்டு கௌரவம். கடைசி ஒன்றைத் திமிர் என்று எழுதிவிட்டால் அந்த மனிதருக்கு அநியாயம் செய்தவர்களாவோம்.

பெருமையிலும் இந்தப் பிரிவு உண்டு. தற்பெருமை, கர்வம், செருக்கு, இறுமாப்பு என்று போகப்போகக் கெட்டியாகும். ஆனால் 'பெருமிதம்' இந்த வரிசையில் சேராது. தொல்காப்பியம் எட்டு மெய்ப்பாடுகளில், அதாவது உடம்பில் வெளிப்படும் மன உணர்வுகளில், ஒன்றாக அதைச் சொல்லி, கல்வி, அஞ்சாமை, புகழ், கொடை ஆகிய நான்கிலிருந்து அது பிறக்கும் என்கிறது. மகள் பட்டம் வாங்கியதில் அப்பாவுக்கு இருப்பது பெருமிதம். பாராட்டு மடலில் 'கர்வம் கொள்கிறோம்' என்று எழுதிவந்தால் நான் அதைப் பெருமிதமாக்கிவிடுவேன்.

"சொல்லிக்காட்டுறது, குத்திக்காட்டுறது ரெண்டும் ஒண்ணுதானே?"

இல்லை. "உன் படிப்புக்கு நான்தான் பணம் கட்டினேன்" என்று தான் செய்த உதவியை நினைவுபடுத்துவது சொல்லிக்காட்டுவது. "நீ ரெண்டு தரம் ஃபெயிலானவன்தானே" என்று மற்றவரின் பழைய குறையைக் கிளறுவது குத்திக்காட்டுவது. மருமகளுக்குக் கேட்கும்படி பூனையைத் திட்டினால் அது ஜாடைப் பேச்சு. இடித்துரைப்பது இவற்றோடு சேராது. அது கேட்பவர் நன்மைக்காக நேருக்கு நேர் சொல்லப்படுவது.

இந்த நான்கில் உறவை அதிகம் அறுப்பது முதலாவதுதான் என்று நினைக்கிறேன். குத்திக்காட்டியதை ஆறு மாதத்தில் மறந்துவிடுகிறார்கள். சொல்லிக்காட்டப்பட்ட உதவியோ அன்றோடு கடனாக மாறிவிடுகிறது.

"கல்யாணம் ஆன பொண்ணுகிட்ட 'விசேஷம் ஏதும் உண்டா'ன்னு கேட்கிறது நல்ல சொல்தானே?"

சொல் நாகரிகமானதுதான், முதல் பதிலில் வந்த மங்கல வகை. கேள்விதான் வேண்டாம். அந்தப் பெண் எத்தனை மருத்துவமனை ஏறி இறங்கியிருக்கிறாள் என்று கேட்பவருக்குத் தெரியாது. 'முழுகாம இருக்கேன்', 'உண்டாயிருக்கேன்' என்பதெல்லாம் அவளே வந்து சொல்ல வேண்டிய செய்தி. அவளைப் பார்த்தால் அவள் வேலையைப் பற்றிக் கேளுங்கள்.

"மாமா 'எனக்கு வருத்தம்தான்'னு சொல்லிட்டுக் கல்யாணத்துக்கு வரலை. இது சின்ன வருத்தமா, பெரிய கோபமா?"

பெரியது. உறவுக்குள் 'வருத்தம்' என்றால் வெறும் துயரம் அல்ல, முறையீடு. எனக்குரிய மரியாதை வந்து சேரவில்லை என்று பொருள். கோபம் என்று சொன்னால் சண்டை தொடங்கிவிடும் என்பதால் வருத்தம் என்கிறார். இரண்டு பக்கமும் இருந்தால் அது மனஸ்தாபம், மனத்தாங்கல். பேச்சே நின்றுவிட்டால் பிணக்கு.

பெரும்பாலும் காரணம் அழைப்பில் இருக்கும். பத்திரிகையில் 'இதையே நேரில் வந்து அழைத்ததாகக் கருதி' என்று அச்சடிக்கிறோம். அந்த வரி தூரத்து நண்பர்களுக்குத்தான் செல்லும். தாய்மாமன் முறையில் இருப்பவருக்குத் தட்டில் வெற்றிலை பாக்கோடு நேரில் போய் வைக்க வேண்டும். வாட்ஸ்அப்பில் அனுப்பிவிட்டு 'பார்த்தீங்களா மாமா?' என்று கேட்டிருந்தால் அவர் வருத்தத்தில் நியாயம் இருக்கிறது. ஆறாவது கேள்வியில் சொன்ன மன்னிப்பை நேரில் போய்க் கேளுங்கள், காரணம் அடுக்காமல்.

"அண்ணன்கிட்ட வருஷக்கணக்கா பேச்சு இல்லை. மறுபடி பேசணும். முதல் சொல் என்ன சொல்றது?"

சின்னப் பிள்ளைகளாக இருந்தபோது இது எளிதாக இருந்தது. விரலைக் காட்டிக் 'காய்' விட்டார்கள், விரலை நீட்டிப் 'பழம்' விட்டார்கள், அதோடு முடிந்தது. வளர்ந்த பிறகு நமக்கு அப்படி ஒரு சடங்கு இல்லை. அதனால்தான் முதல் சொல் இத்தனை கனக்கிறது.

பழைய சண்டையில் ஆரம்பிக்காதீர்கள், மன்னிப்பிலும் ஆரம்பிக்க வேண்டாம். 'எப்படி இருக்கே?' என்பதற்கு 'இருக்கேன்' என்று ஒரே சொல்லில் கதவைச் சாத்திவிடலாம். இருவருக்கும் பொதுவான ஒன்றைக் கேளுங்கள்: "அம்மாவுக்குக் கால்வலி எப்படி இருக்குண்ணே?", "ஊர்க் கோயில் கொடைக்கு எப்போ கிளம்புறே?" அதில் கேள்வியும் இருக்கிறது, உறவும் இருக்கிறது. முன்பு 'நீ' என்று பேசியவரிடம் 'நீங்க' என்று ஆரம்பித்துவிடாதீர்கள், மேலே சொன்னதுபோல அது கோபமாகவே கேட்கும். பதில் சுருக்கமாக வந்தால் அன்றைக்கு அதோடு விடுங்கள். அடுத்த வாரம் அம்மாவுக்கு மாத்திரை வாங்கினதைச் சொல்ல இன்னொரு தடவை கூப்பிடுங்கள். சொத்துக் கணக்கைப் பேசுவதென்றால் அதை அப்புறம், நேரில் உட்கார்ந்து, சாப்பாட்டுக்குப் பிறகு பேசலாம்.